பவளத்துக்கு ஒரு சீரியல் செட்

1

விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கடல்மீன் தொட்டிச் சாமான்கள் விற்கும் கடை அது. நெதர்லாந்தில் நான் இருக்கும் ஊரில் அந்த மாதிரிக் கடை ஒன்றே ஒன்றுதான். பவளம் வளர்ப்பதற்கென்றே செய்த விளக்கு ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்தேன். என் வீட்டு வாடகையில் பாதி. விலை தெரிந்ததும் வைத்துவிட்டு நகர்வது இங்கே நாகரிகம். நான் திருவள்ளூரில் கத்திரிக்காய் வாங்கிப் பழகியவள். எதையும் திருப்பிப் பார்க்காமல் வைக்க மாட்டேன். திருப்பினேன். ஓர் அலுமினியச் சட்டம், அதில் வரிசையாக மிளகு அளவில் எல்.இ.டி. பொட்டுகள், நடுவில் ஒரு குட்டி மின்விசிறி, இரண்டு ஒயர். அவ்வளவுதான்.

"அட, இது நம்ம மோசஸ் சரக்கு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெண்மணி தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று ஓடி வந்தார். "சும்மா பார்க்கிறேன்" என்றேன். வந்து இரண்டு வருடம் முடிகிற அந்த மாதத்தில், டச்சு மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான்.

மோசஸ் என் அண்ணன். பகலில் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு எலெக்ட்ரீஷியன். சாயங்காலமும் விடுமுறையும் மணவாள நகரைச் சுற்றி பத்து மைலுக்குச் சீரியல் செட், மைக் செட். ஆடி மாதம் அம்மன் கோயில்கள், டிசம்பரில் தேவாலயங்கள், நடுவில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் கொண்டாடும் பிரமுகர்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காய்ந்ததை விட ஒயர் காய்ந்ததுதான் அதிகம். அவன் வேலை நன்றாகவே ஓடுகிறது. போன வருடம் என் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "பரவால்ல, வந்துடுவ" என்று ஆறுதல் சொன்னான்.

2

பவளம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்பவர் மரீகே. ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டு வரவேற்பறையில் சோபா சின்னது, தொட்டி பெரியது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் வீட்டில் இரண்டு மீனோடு ஒரு சின்னக் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். வாரா வாரம் போய் அவர் தொட்டியின் முன் நின்று கேள்வி கேட்டுக் கேட்டு அவரைக் களைக்க வைத்ததில், ஒருநாள் உள்ளங்கை அளவு கல் ஒன்றை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். கல்லின் மேல் பதினோரு வாய். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் மாதிரி, நடுவில் பச்சை, ஓரத்தில் ஆரஞ்சு இழைகள். தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற பவள இனம் என்றார். இந்த நாட்டில் படிவம் நிரப்பாமல் எனக்குக் கிடைத்த முதல் பொருள் அது. வீடு, வங்கிக் கணக்கு, பல் மருத்துவர் எல்லாவற்றுக்கும் படிவம். இதற்கு மட்டும் ஒரு டப்பா.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம். பிறகு என் வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் மாடியில் தொண்ணூறு லிட்டர் தண்ணீர் வைக்க அனுமதி வேண்டும். படிவத்தில் மூன்றாவது கேள்வி: விலங்குகளின் எண்ணிக்கை. மீன் இரண்டு, சரி. பவளம் ஒன்றா, பதினொன்றா? தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "தனித்தனியாக நடந்து போகுமா?" போகாது என்றேன். "அப்படியென்றால் ஒன்று."

மரீகே வேறு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இதற்கு முன் அவர் இரண்டு பேருக்குத் துண்டு கொடுத்து இரண்டும் செத்திருக்கின்றன. "கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை வந்து பார்ப்பேன். பதினொன்றும் திறந்திருந்தால் உன்னுடையது. இல்லையென்றால் என் டப்பாவோடு வருவேன்."

டச்சுக்காரர்கள் வருவேன் என்றால் வருவார்கள். நம் ஊர் மாதிரி "இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வரேன்" கிடையாது.

3

பவளத்துக்கு விளக்கு எதற்கு என்று லோக்கல் ரயிலில் இதைப் படிக்கும் நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தைத் தின்று சமைத்துப் போடுகிறது. பவளம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. கடலுக்குள் இறங்க இறங்க மற்ற நிறமெல்லாம் வடிகட்டப்பட்டு நீலம்தான் மிஞ்சும் என்பதால், அந்தச் சமையலுக்கு நீலம்தான் முக்கியம்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே நான் விளக்கு வாங்கிவிட்டேன். அதுதான் என் குணம். இணையத்தில் மிக மலிவாக, செடி வளர்க்கும் விளக்கு. ஊதா கலந்த சிவப்பு. மூன்றே வாரத்தில் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. வேண்டாத பாசிக்கெல்லாம் நான் விருந்து வைத்திருந்தேன். பவளமோ சாப்பாட்டைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டிக் களைத்து, பதினொன்றில் ஏழு வாயை மூடிக்கொண்டது.

அம்மா வீடியோ அழைப்பில் என் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தாள்.

"இன்னாடி அது, ஊடு பூரா ரோஸ் கலரா கீது? ரெக்கார்டு டான்ஸா?"

"மீன் தொட்டி லைட்டும்மா."

"மீனுக்கு இன்னாத்துக்கு மேக்கப்பு?"

அதற்குப் பிறகுதான் அந்தக் கடைக்குப் போனதும், விளக்கைத் திருப்பிப் பார்த்ததும். இரண்டு வார விடுப்புக்கு டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தேன். மீன்களுக்குத் தீனி போட மரீகேயிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

4

ஊருக்கு வந்த மறுநாள் காலை அம்மாவின் ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் "திறக்கவா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "விருந்தாளி வந்துருக்காங்கடா மோசஸு, காபி தம்ளர்ல வோணாம், கப்புல குடு" என்றாள். இரண்டு வாரமும் எனக்குக் கப்தான். தம்ளர் கடைசி வரை கிடைக்கவில்லை.

அந்த மாதிரி விளக்கு ஒன்றை நாங்களே செய்ய, சட்டம் தேடி அண்ணனோடு பைக்கில் கும்மிடிப்பூண்டி போனேன். சிப்காட் பக்கத்தில் அவனுக்குத் தெரிந்த காயிலாங்கடை ஒன்று உண்டு. தொழிற்சாலைகள் கழித்துப் போட்ட அலுமினியத்தை மலை மாதிரி குவித்திருந்தார்கள். பவளம் வளர்ப்பவர்கள் வெப்பத்தை இழுக்கும் பட்டை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அது அங்கே எடைக்குக் கிடைத்தது. அண்ணன் ஒரு துண்டை எடுத்து வெயிலில் வைத்து, கையை வைத்துப் பார்த்து, "இது சூட்ட சீக்கிரம் உட்டுடும்" என்றான். எல்.இ.டி. பொட்டுகளைச் சென்னையிலிருந்து அவனே வரவழைத்திருந்தான். எட்டுக் கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு அடர்நீலம், ஒரு ஊதா, ஒரு வெள்ளை. மழையில் நனையும் திருவிழா பல்புகளுக்கு அவன் பூசும் பிசினையே இதற்கும் பூசினான். உப்புநீர் தெறித்தாலும் துருவேறாது. கடையில் இருந்த விளக்கில் அந்தப் பூச்சு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சண்டை வெளிச்சத்தில் வந்தது. விளக்கை மாடியில் கட்டிவிட்டு அண்ணன் தெருமுனைக்குப் போய் நின்றான். சீரியல் செட்காரர்களின் சோதனை அதுதான்: தெருமுனையிலிருந்து கண்ணை இழுக்க வேண்டும்.

"டல்லா கீதே!" என்று அங்கிருந்தே கத்தினான். "வெள்ள டபுளா போடறேன்."

"வோணாம்ணா! தொட்டி ஒன்னரை அடிதான் ஆழம்."

"பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதே."

"இது பாக்கற வெளிச்சம் இல்லணா. திங்கற வெளிச்சம்."

நடந்து வந்து என் எதிரில் நின்று யோசித்தான். "அப்ப இத்த மொதல்லயே நாஷ்டானு சொல்லியிருக்கலாமில்ல?"

மனிதக் கண்ணுக்கு நீலம் மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பி வெள்ளையைக் கூட்டினால் நமக்கு அழகு, பாசிக்குக் கொண்டாட்டம். தொடக்கக்காரர்கள் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். ஆழமில்லாத தொட்டி, எளிய பவளம் என்றால், பெரிய விளக்கு தேவையே இல்லை. நீலம் தூக்கலாக, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியாமல் ஒரு கடிகாரம். போதும். (விளக்கைத்தான் சொல்கிறேன். ஆர்வக்கோளாறில் பழவேற்காட்டுப் பக்கம் போய்க் கடலில் கை வைக்காதீர்கள். நம் நாட்டில் கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம். மாட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

கிளம்பும் நாள் காலையில் அண்ணன் விளக்கைத் துணியில் சுற்றி, கூடவே ஒயர்கள் போகும் ஒரு வெள்ளை டிபன் டப்பாவையும் சேர்த்துக் கட்டி என் பெட்டியில் வைத்தான். ராத்திரி ஏதோ வேலை பார்த்திருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"டப்பாவுல இன்னாணா?"

"போய் போட்டுப் பாரு."

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி சட்டத்தை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இன்னாம்மா, டியூப்லைட்டா? அங்க கெடைக்காதா?"

"பவளத்துக்கு, சார்."

கழுத்தில் போடும் பவளம் என்று நினைத்து நகைப் பட்டியலைக் கேட்டார். விளக்கிச் சொல்லிக் கிளம்புவதற்குள் என் பெயரை இரண்டு தடவை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

5

வந்து சேர்ந்த அன்று மாலை ஐந்து மணி. இங்கே குளிர்காலத்தில் அதற்கே இருட்டிவிடும். விளக்கைத் தொட்டிக்கு மேல் மாட்டி, இங்கே வாங்கிய மின்மாற்றியில் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

நீலம் இடமிருந்து வலமாக ஓடியது. பிறகு வலமிருந்து இடமாக. பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வந்து மோதி, ஆறு தடவை படபடவென்று மின்னி, மறுபடி முதலிலிருந்து. மீன்கள் இரண்டும் பாறைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. மிச்சமிருந்த நான்கு வாயையும் பவளம் மூடிக்கொண்டது.

இரண்டே நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அம்மாள். அவருக்குப் பின்னால் கீழ்வீட்டுக்காரர், கையில் முதலுதவிப் பெட்டி. இந்த ஊரில் ஓடுகிற நீல வெளிச்சம் என்றால் ஆம்புலன்ஸ், இல்லாவிட்டால் போலீஸ்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

டச்சில் விளக்குப் போடுவதற்கு ஒரு வினைச்சொல், பற்ற வைப்பதற்கு வேறொன்று. பதற்றத்தில் எனக்குக் கையில் கிடைத்தது இரண்டாவது. "ஒன்றுமில்லை, இப்போதுதான் மீன்களுக்குத் தீ வைத்தேன்" என்று அன்பாகச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார்.

அவர்களை அனுப்பிவிட்டு, மறுநாள் அண்ணனின் மதிய உணவு நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"எப்டி கீது?" முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்குணா ஓடுது?"

"பின்ன? சும்மா ஒரே மாதிரி நின்னு எரிஞ்சா சாவு ஊட்டு டியூப்லைட்டு மாதிரி இருக்கும். தங்கச்சி ஊட்டுக்கு அப்டி அனுப்புவனா?"

அவன் சொன்னது சத்தியம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் அசையாமல் ஒற்றை டியூப்லைட் எரிந்தால் துக்கம் விசாரிக்கப் போகிறோம். ஓடினால் மொய்க் கவர் எடுத்துக்கொண்டு போகிறோம். அசையாத விளக்கைத் தங்கைக்குக் கட்டிக் கொடுக்க அவன் கை எப்படி வரும்? அதற்காக ஏழு விதமான ஓட்டங்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த டிபன் டப்பாவுக்குள் ஏற்றியிருக்கிறான்.

"எல்லாம் மூடிக்கிச்சுணா. பதினொண்ணும். அடுத்த மாசம் அந்தம்மா டப்பா எடுத்துக்கினு வந்துடும்."

சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைந்த கை நின்றது. "கடல்ல எப்டி விடியும், சொல்லு."

"மெதுவா. ஒரு பக்கத்துல இருந்து."

"அட பேஜாரே! அப்ப 'தேர் வருது' போடணும்."

அது அவன் வைத்த பெயர். தேர் எந்தச் சாமியுடையதாக இருந்தாலும் சரி, அது தெருவுக்குள் நுழையும்போது ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு விளக்காக ஏறிக்கொண்டே வந்து தெரு முழுக்க நிறையும். தேர் போனதும் அதே வரிசையில் அணையும். ஒவ்வொரு விளக்குக்கும் நடுவில் கால் நொடி. அந்தக் கால் நொடியைக் கால் மணி நேரமாக மாற்றி, நடுவில் ஆறு மணி நேரம் நிற்க வைத்து, அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினான். டிபன் டப்பாவுக்குள் இருந்த சின்னச் சிப்பைக் கணினியோடு இணைத்து நான் அதை ஏற்றினேன்.

காலை ஒன்பது மணிக்குக் கிழக்கு ஓரத்தில் முதல் கூட்டம். ஒன்பதேகாலுக்கு அடுத்தது. பதினொன்றுக்குள் தொட்டி முழுக்கப் பகல். வாடகையில் பாதி கேட்ட அந்த விளக்கின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்களே, சூரிய உதயம் என்று, அது இதுதான்.

ஆனால் பவளம் திறக்கவில்லை. வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்கில் வைத்தேன். இருட்டில் கிடந்ததற்கு எடுத்தவுடன் முழு வெயில் காட்டினால் வெளுத்துவிடும். ஐந்து நாள் மூடியே இருந்தது. எட்டு நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே தொட்டி முன் நிற்பேன், நுரையோடு திட்டுவேன். பத்தாம் நாள் ஓரத்தில் ஒரு வாய் திறந்தது. வாரம் ஒரு கோடு வீதம் திருகைக் கூட்டினேன். நான்கு ஆயிற்று, ஏழு ஆயிற்று. சனிக்கிழமைக்கு முதல் நாள் பத்து. நடுவில் இருந்த ஒன்று மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தது.

6

மரீகே ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். அதே டப்பா. மேசையில் வைத்தார், மூடியைத் திறந்தே வைத்தார்.

காபி போட்டேன். இங்கே காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள். நான் முறுக்குத் தட்டைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று எடுத்துவிட்டு, மூடி எங்கே என்று தேடினார்.

ஒன்பது மணிக்கு முதல் கூட்டம் எரிந்தது. இரண்டாவது எரிந்ததும் மரீகே நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவதுக்குப் பவளத்தின் ஓரம் அசைந்தது. ஆரஞ்சு இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் எண்ணினேன், அவரும் எண்ணினார். அவர் டச்சில், நான் தமிழில். பத்தரைக்குப் பத்து. நான் முறுக்கு தின்பதை நிறுத்திவிட்டேன். பத்தே முக்காலுக்கு எட்டாவது கூட்டம் எரிந்து மேலும் ஐந்து நிமிடம் போன பிறகு, அந்த நடுவாய், வேண்டா வெறுப்பாக, பாதி திறந்தது.

"பாதிதான்" என்றேன். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதை விட முந்திக்கொள்வது நல்லது.

மரீகே தன் பவளம் வளர்ப்போர் குழுவிடமிருந்து இரவல் வாங்கி வந்த ஒளிமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். "சரியான அளவு. இதை யார் செய்தது?"

"என் அண்ணன்."

"ஒளியியல் பொறியாளரா?"

"திருவிழா ஒளியியல்" என்றேன்.

அவர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக் கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "நீ தப்பாக எண்ணுகிறாய். பதினொன்று இல்லை." நானும் குனிந்தேன். "பதின்மூன்று. கீழே பார், இரண்டு குட்டி."

டப்பாவை மூடினார். ஆனால் கையில் எடுக்கவில்லை. என் பக்கம் தள்ளினார். "கல் உன்னுடையது. வளர்ந்தால் வெட்டி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அது எங்கள் குழுவின் வழக்கம். பட்டியலில் அடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரிடம் நல்ல விளக்கும் இல்லை." முறுக்கு இன்னொன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். பதின்மூன்று என்றதும் போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம் ஏதோ கத்தினான். பிறகு வேலைக்காரனாக மாறினான். "இன்னொரு பீஸா? நீளம் சொல்லு. எத்தினி பேட்டர்ன் வோணும்?"

"ஒண்ணுதாண்ணா."

"வாத்தியாரு ஊட்டுக்கு ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு!"

"சரி சரி, கத்தாத" என்றான். அவன் சரி என்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அனுப்பும் டிபன் டப்பாவை நான் போட்டுப் பார்க்காமல் வாத்தியாரிடம் கொடுக்கப் போவதில்லை.

வரும் சனிக்கிழமை, எட்டரை மணிக்கு, முதல் கூட்டம் எரிவதற்கு முன், வாய்கள் மூடியிருக்கும் நேரத்தில் வெட்டப் போகிறேன். இந்த இனத்தின் சதையில் நஞ்சு உண்டு, கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று மரீகே பத்து முறை எச்சரித்திருக்கிறார்; ஆய்வகத்திலிருந்து கண்ணாடியும் கையுறையும் இரவல் கேட்டிருக்கிறேன், அதற்கும் ஒரு படிவம். புது பிளேடு வாங்கியாயிற்று. ஒட்டுவதற்குக் கூழாங்கல்லும் பசையும் தயார். ஓரத்தில் இருக்கும் மூன்று வாய்களை, அடிச்சதையோடு கல்லிலிருந்து சீவி, ஒரே இழுப்பில். கை நடுங்காமல் இருக்க, இப்போது தினமும் ஒரு காளானை வெட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.